சாமான்மேல் உள்ள பெயர்

அக்பர் அலியின் கடையில் அக்பர் அலிக்குச் சொந்தம் என்று ஒரு கரண்டிகூடக் கிடையாது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். உக்கடம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் சந்துக்குள் இருக்கிறது கடை. பின்பக்கமே வீடு. தரையிலிருந்து ஓடுவரைக்கும் பித்தளை அண்டா, செம்புத் தவலை, குடம், போசி என்று அடுக்கியிருக்கும். அத்தனையும் ஊரார் சாமான். கஷ்டம் வந்தவர்கள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். வாங்க ஆள் வந்தால் விற்றுக்கொடுத்துத் தன் கமிஷனை எடுத்துக்கொள்வார். “என்னுது இடம் மட்டும்தானுங்க” என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். முதல் போட்டு வாங்கி விற்க அவரிடம் வசதி இல்லை என்பதைத்தான் அத்தனை மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் பெயர் திருமலைசாமி. அந்தக் கடை வாசலில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிறவன். அப்போது கரண்டில் ஓடும் மிஷின் வந்துவிட்டது, என்னிடமும் ஒன்று இருந்தது. சில்வருக்கு மிஷின், கனத்த பித்தளைக்கு உளி. வெட்டுவது மட்டுமல்ல, அழிப்பதும் நான்தான். பழைய அண்டாவை வாங்குகிறவர் அதில் எவனோ ஒருவன் பேரோடு எடுத்துப் போவாரா? அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுப்பேன். அதனால் என்னை வேலைக்காரன் என்றும் சொல்லலாம், கூட்டாளி என்றும் சொல்லலாம். வாய் மட்டும் எனக்குச் சும்மா இருக்காது. நடந்ததில் பாதி அதனால் வந்தது.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆனிக் கடைசியில் தெற்கே ஒரு கிராமத்துக் கோயிலில் மணியும் குத்துவிளக்கும் காணாமல் போய், அடுத்த தெருவில் ஒரு பழைய பாத்திரக் கடையில் கிடைத்தன. அந்தக் கடைக்காரர் எட்டு நாள் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடந்தார். பாவம், அவருக்கும் அது கோயில் சாமான் என்று தெரியாது. கொண்டுவந்தவன் வெள்ளை வேட்டியும் நல்ல பேச்சுமாக இருந்திருக்கிறான். அதற்கப்புறம் சுற்றுவட்டாரப் பழைய பாத்திரக்காரர்கள் எல்லோரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு காகிதம் கொடுத்தார்கள். இனி யார் சாமான் கொண்டுவந்தாலும் நோட்டில் பதிய வேண்டும். பேர், விலாசம், ரேஷன் கார்டு நம்பர், சாமான் விவரம், சாமான்மேல் உள்ள பெயர், இடது கைப் பெருவிரல் ரேகை. விற்கிறவர் பேரும் சாமான்மேல் உள்ள பேரும் ஒத்துப்போகாவிட்டால் அன்றைக்கே ஸ்டேஷனில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் கடைக்காரரும் கூட்டுக் களவாணி.

அக்பர் அலி அந்தக் காகிதத்தைக் கல்லாவுக்கு மேலே ஒட்டினார். நீள நோட்டு ஒன்று வாங்கிவந்தார். எழுதுவது யார் என்று கேள்வி வந்தது. அவருக்கு ஒருத்தர் முகத்தைப் பார்த்து “இது உங்களுதுதானுங்களா?” என்று கேட்கவே வராது. “எப்படிங்க கேக்கறது? கஷ்டப்பட்டுக் கொண்டாராங்க, திருடனான்னு கேட்டாப்புல ஆயிருமுங்களே” என்று என்னிடம் முனகுவார். கடைசியில் அவர் மனைவி ஹபீபுன்னிசா அந்த நோட்டை எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள், கையெழுத்து முத்தாக இருக்கும். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் தொங்கும் திரைச்சீலையை ஒதுக்கி ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் கேட்பாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

ஆனால் இரண்டாவது நாளே சிக்கல் தெரிந்துபோயிற்று. சாமான் கொண்டுவருகிறவர்களில் முக்கால்வாசி பெண்கள். எந்தப் பெண் கொண்டுவந்த பாத்திரத்திலும் அவள் பேர் இல்லை. எப்படி இருக்கும்? கல்யாணத்துக்கு மாமன் ஒரு அண்டா கொடுப்பார், பெரியப்பன் குடம் கொடுப்பார், கொடுக்கிறவர் தன் பேரை வெட்டித்தான் கொடுப்பார். அதை ஸ்டேஷனில் இருந்தவர்கள் யோசிக்கவில்லை. நாங்களும் போய்ச் சொல்லவில்லை. நான்தான் வழி சொன்னேன். “பேரை ராவிப்போட்டு, பேர் இல்லைன்னு எழுதிருங்க பாய். ஒத்துப்போற வம்பே இல்லை.” அப்படியே நடந்தது. சாமான் வந்த உடனே என்னிடம் வரும், நான் தேய்ப்பேன், ஹபீபுன்னிசா அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதுவாள். எழுதும்போது அவளுக்கு முகம் சுண்டும். அதை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பூவாத்தாள் வந்தது ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சந்துக்குள் புகுந்து, தொங்கவிட்டிருந்த போசிகளை எல்லாம் ஒன்றோடொன்று முட்ட வைத்துக்கொண்டிருந்தது. பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், வெயிலில் காய்ந்த உடம்பு. தலையில் சாக்குச் சுற்றிய பெரிய அண்டா, கையில் ஒரு தூக்குப் போசி. அண்டாவை இறக்கக் கை கொடுக்கப் போனேன், “உடுங்ணா, நானே எறக்கிக்கறேன்” என்று சொல்லி அவளே இறக்கினாள். சாக்கைப் பிரித்ததும் நான் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டேன். பத்துப் படி அரிசி வேகும் அண்டா. புளி போட்டுத் தேய்த்திருந்தாள்.

அவள் புருஷன் அங்கப்பன் ஒரு தென்னந்தோப்பில் மரம் ஏறிக்கொண்டிருந்தவன். முழங்கால் விட்டுப்போய் இப்போது தேங்காய் நார் மில்லில் வாட்ச்மேன். மகள் ராமாமணிக்கு கோயமுத்தூரில் நர்ஸ் ட்ரெயினிங்கில் இடம் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்டிச் சேராவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அவர்கள் தெருவில் பன்னிரண்டாவது முடித்த முதல் பெண் அவள்தானாம். பூவாத்தாள் இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். ஆனால் ‘திங்கக்கெழம’ என்கிற வார்த்தையை மட்டும் நாலு தடவை சொன்னாள்.

ஒரு சமையல்காரர் பெரிய அண்டா கேட்டுக்கொண்டே இருப்பதாகவும் சனிக்கிழமைக்குள் விற்றுவிடலாம் என்றும் அக்பர் அலி சொன்னார். அவள் முகத்தில் அப்போதுதான் களை வந்தது. நான் அண்டாவைத் திருப்பிப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய பழைய வெட்டு. ‘மு. அரங்கசாமி 22-5-75.’ நல்ல கை. அரத்தை எடுத்தேன்.

“என்னங்ணா பண்றீங்க?”

பேரை அழிக்கப் போகிறேன், அப்போதுதான் நோட்டில் எழுத வம்பில்லை என்றேன். அவள் சட்டென்று அண்டாவின்மேல் கையை வைத்துவிட்டாள்.

“அழிக்க வேண்டாமுங்ணா. அது எங்க பண்ணாடி பேருங்க. அழிச்சுப்போட்டு வித்தா திருடிக்கிட்டு வந்தாப்புல இருக்குமுங்க. விக்கறவரைக்குமாச்சும் இருக்கட்டுங்க.”

பண்ணாடி என்றால் அவர்கள் வேலைசெய்த தோட்டத்தின் சொந்தக்காரர். அந்த அரங்கசாமி இறந்து நாலைந்து வருஷமாகிறது. மகன் கருப்புசாமிதான் இப்போது தோட்டத்தைப் பார்க்கிறான். அதற்குமேல் நான் கேட்கவில்லை. அக்பர் அலியும் கேட்கவில்லை. ஹபீபுன்னிசா நோட்டை விரித்துக் கேட்க வேண்டிய கட்டங்களைக் கேட்டாள். விற்பவர் பெயர், பூவாத்தாள், க/பெ அங்கப்பன். சாமான்மேல் உள்ள பெயர், மு. அரங்கசாமி. ரேகை வைத்தாள். பூவாத்தாள் கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, விற்றால் தகவல் சொல்லுங்கள், சனிக்கிழமை மறுபடி வருகிறேன் என்றாள். அடுத்த பஸ்ஸுக்கு நேரமிருந்தது. வாசல் ஓரமாக உட்கார்ந்து தூக்குப் போசியைத் திறந்தாள். அரிசிம்பருப்புச் சோறு, சின்ன வெங்காயமும் பூண்டும் வாசனை அடித்தது. எனக்கும் ஒரு கை போட்டுக் கொடுத்தாள். நான் தின்றேன்.

அக்பர் அலிக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. நோட்டைப் பார்ப்பார், சுவரில் ஒட்டிய காகிதத்தைப் பார்ப்பார். கடைசியில் என் பக்கத்தில் வந்து குந்தி, “என்னங்கண்ணா பண்றது?” என்று கிசுகிசுத்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “போய் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வந்துருங்க பாய். அவங்க ஒரு கையெழுத்தப் போட்டுக் குடுத்தாங்கன்னா நமக்கு நிம்மதி” என்றேன். அவள் கொடுத்த சோறு கையில் காயக்கூட இல்லை. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. அவர் பின்னாலேயே ஒரு ஏட்டும் ஒரு பெண் போலீசும் வந்தார்கள். பூவாத்தாள் அப்போதுதான் கைகழுவிக்கொண்டிருந்தாள். அரங்கசாமி யார், நீ யார், என்ன உறவு என்று கேட்டார்கள். உறவில்லை, அவங்க தோட்டத்தில் வேலை செய்கிறேன் என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. தோட்டத்துச் சொந்தக்காரர் பேர் போட்ட அண்டா, கொண்டுவந்தவள் தோட்டத்துக் கூலிக்காரி. அவர்களுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. அண்டாவை ஆட்டோவில் ஏற்றினார்கள், அவளையும் ஏற்றினார்கள். போகும்போது அவள் அக்பர் அலியைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. “பாயிங்க, அந்தத் தூக்குப் போசிய எடுத்து வைங்க” என்று மட்டும் சொன்னாள்.

ஸ்டேஷனிலிருந்து அவள் ஊர்ப் பக்கத்து ஸ்டேஷனுக்கு வயர்லெஸ்ஸில் சொல்லி, அங்கிருந்து ஒரு போலீஸ்காரர் தோட்டத்துக்கே போய்க் கேட்டிருக்கிறார். கருப்புசாமி தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். அண்டா காணாமல் போயிருக்கிறதா என்று கேட்டதற்கு, “தெரியிலீங்க, எங்கய்யன் பேரு போட்டிருந்தா எங்க சாமானாத்தான் இருக்குமுங்க” என்றிருக்கிறான். அந்த ஒரு வாக்கியம் போதும். மறுநாள் காலை அவன் வந்து அடையாளம் சொன்னால் கேஸ் எழுதிவிடலாம் என்று சப்-இன்ஸ்பெக்டர் முடிவுசெய்தார். பெண்பிள்ளையைப் பொழுதடைந்து ஸ்டேஷனில் வைக்க முடியாது என்று அவளை அனுப்பி, காலை ஒன்பது மணிக்கு வந்து நிற்க வேண்டும் என்றார்கள். வராவிட்டால் அங்கப்பனைத் தூக்கிவருவோம் என்றும் சொன்னார்கள்.

அவள் ஊருக்குப் போகவில்லை. போனால் தெரு முழுக்கக் கேட்கும், ராமாமணி காதில் விழும். பஸ் ஸ்டாண்டில் குளத்துப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தவளை ஹபீபுன்னிசா போய்க் கூட்டிவந்தாள். தானாகத் தெருவில் இறங்கி அவ்வளவு தூரம் அவள் நடந்து நான் பார்த்ததில்லை. அங்கப்பனுக்கு, சாமான் விற்கத் தாமதமாகிறது, நாளைக்கு வருகிறேன் என்று நார் மில்லுக்குப் போன் போட்டுச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் நான் கடையைக் கட்டாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. உள்ளே அக்பர் அலி டீயைத் தொடாமல் வைத்திருந்தார். திரைக்கு அந்தப்பக்கம் ஹபீபுன்னிசாவின் குரல் கேட்டது. சத்தம் போடுகிற பெண் இல்லை அவள்.

“நான் சட்டப்படிதானே செஞ்சேன்?” என்று அவர் கேட்டார்.

“சட்டப்படிதானுங்க செஞ்சீங்க. நானும் சட்டப்படிதான் எழுதினேன். ஆனா இது உங்களுக்கு எப்படி வந்துச்சுன்னு அந்தக்காகிட்ட நாம யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டமுங்களா? அதைக் கேக்க அந்த நோட்டுல கட்டமே இல்லீங்களே.”

நானோ முப்பது வருஷமாகப் பேர் வெட்டுகிறவன். அந்த அண்டாவைத் திருப்பிப் பார்த்தவன். அதில் பேருக்குப் பக்கத்தில் தேதி இருந்ததைப் படித்தவன். அது என்ன தேதி என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லையே. எழுந்து போய்த் திரையோரமாக நின்று பூவாத்தாளிடம் கேட்டேன்.

“அம்மிணி, உங்க கல்யாணம் என்னைக்கு?”

அவள் மடியில் வைத்திருந்த தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். “எழுவத்தஞ்சு வைகாசி எட்டுங்ணா. வியாழக்கெழம.”

இங்கிலீஷ் தேதிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மே இருபத்திரண்டு. நான் சொன்னதைக் கேட்டு ஹபீபுன்னிசா எழுந்து சமையல்கட்டுக்குள் போனாள். பாத்திரங்கள் இறங்கும் சத்தம் கேட்டது. நேரமாயிற்று என்று நான் கிளம்பினேன். அவள் என்ன செய்கிறாள் என்று காலையில்தான் தெரிந்தது.

காலை எட்டரைக்கு வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. ஹபீபுன்னிசா வெள்ளைத் துப்பட்டி போட்டுக்கொண்டு நின்றாள். அவள் வீட்டுக் குடம், தேக்சா, பெரிய தாம்பாளம், வட்டகை, ஒரு செம்புக் கூஜா என்று அஞ்சு சாமானை ஆட்டோவில் அடுக்கினாள். நோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இதெல்லாம் எதற்கு, சிரிப்பார்கள் என்று அக்பர் அலி கெஞ்சினார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு மணிக்குள் பள்ளிவாசலுக்குப் போக வேண்டுமே என்றும் சொன்னார். “அதுக்குள்ள வந்தர்லாமுங்க. இல்லீன்னா நீங்க மட்டும் போங்க” என்று அவள் ஏறிவிட்டாள். பூவாத்தாள் அவள் பக்கத்தில் ஏறினாள். அக்பர் அலியும் நானும் சைக்கிளில் பின்னால் போனோம். பயம் எனக்கும் இருந்தது, பொய் எதற்கு?

ஸ்டேஷனில் கருப்புசாமி எங்களுக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இருபத்தாறு, இருபத்தேழு வயது, கால்சட்டை மடிப்பில் இன்னும் தோட்டத்து மண். அண்டா சப்-இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர்தான், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கோயில் சாமான் கேஸில் மேலிடத்தில் திட்டு வாங்கியிருந்தார். அந்த எரிச்சல் மூஞ்சியிலேயே தெரிந்தது.

ஹபீபுன்னிசா வணக்கம் சொல்லி, ஆட்டோவிலிருந்து கொண்டுவந்த அஞ்சு சாமானையும் தரையில் வரிசையாக வைத்தாள். என்ன இது என்று அவர் கேட்டார்.

“இதெல்லாம் என்ற ஊட்டுச் சாமானுங்க சார். என்ற கல்யாணத்துக்கு வந்தது. குடத்துல எங்க தாய்மாமன் பேருங்க. தேக்சாவுல எங்க அத்தாவோட கூட்டாளி பேரு, அவரு செட்டியாருங்க. தாம்பாளத்துல எங்க அக்கா ஊட்டுக்காரர் பேரு. அஞ்சுல ஒண்ணுலகூட என்ற பேரில்லீங்க. நீங்க குடுத்த காகிதப்படி பாத்தா நான் அஞ்சு ஊட்டுல திருடியிருக்கேனுங்க. என்னையும் எழுதிக்கங்க சார்.”

அவள் சத்தமாகச் சொல்லவுமில்லை, கோபமாகச் சொல்லவுமில்லை. துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு மேலே சொன்னாள்.

“தப்பா நெனைக்காதீங்க சார். உங்க ஊட்டுலயும் குடம் இருக்குமுங்களே. அதுல யாரு பேருங்க இருக்குது?”

சப்-இன்ஸ்பெக்டருக்குப் போன வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்ததாம், அது அப்புறம் தெரிந்தது. பின்னால் எழுதிக்கொண்டிருந்த ஏட்டுதான் வாய்க்குள்ளேயே, “என்ற ஊட்டுக் குடத்துல என்ற மச்சினன் பேருங்க சார்” என்றார். ஒரு போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வெளியே போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கும் தைரியம் வந்தது. முன்னால் போய் அஞ்சு சாமானையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினேன். அஞ்சில் அஞ்சு பேர், ஆனால் அஞ்சிலும் ஒரே தேதி, 26-11-78. தேதி வெட்டுவது சீர்ச் சாமானுக்கும் மொய்ச் சாமானுக்கும்தான், வீட்டுப் புழக்கத்துக்கு வாங்குகிறவர் பேர் மட்டும் வெட்டுவார், தேதி வெட்ட மாட்டார் என்று சொன்னேன். யார் கல்யாணமோ அவர்கள் தேதி, கொடுத்தவர் யாரோ அவர் பேர். அண்டாவைக் காட்டி இதிலும் தேதி இருக்கிறதே என்றேன். பூவாத்தாளிடம் கல்யாணம் எப்போது என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். எங்களிடம் சொன்னதையே சொன்னாள், ஒரு எழுத்து மாறவில்லை.

அவர் கருப்புசாமியின் பக்கம் திரும்பினார். இந்த அண்டா காணாமல் போனது உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டார்.

“போலீஸ்காரர் வந்து சொன்னப்பத்தானுங்க.”

அந்த வருஷம் வைகாசியில் உங்கள் வீட்டில் ஏதாவது விசேஷம் நடந்ததா என்று கேட்டார். கருப்புசாமி தேதியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தலையைச் சொறிந்தான். அந்த வருஷம் வீட்டில் ஒன்றுமில்லை, ஆனால் களத்தில் பந்தி நடந்தது என்றான். “எனக்கு அப்ப ஏழு வயசுங்க. அங்கப்பன் கல்யாணத்துக்கு எங்க களத்துலதான் பந்தி போட்டாங்க. எனக்கு வேட்டி கட்டி உட்டாங்க, அது அவுந்து அவுந்து உழுந்துச்சுங்க. எங்கய்யன் இந்த அண்டாவத் தூக்கிக் குடுத்தாருங்க.” சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. பூவாத்தாள் பக்கம் திரும்பினான். “ஏம் பூவாத்தா, போலீஸ்ல நீ இதச் சொல்லியிருக்கலாமல்ல?”

“கேட்டாத்தானுங்க சொல்லலாம்” என்றாள் அவள்.

அவளை அந்த வெள்ளிக்கிழமை காலைவரைக்கும் ஸ்டேஷனில் யாருமே கேட்கவில்லை. யார், யார் பேர், என்ன உறவு என்று கேட்டார்கள். இது உனக்கு எப்படி வந்தது என்று மட்டும் கேட்கவில்லை. கருப்புசாமி தலையைக் குனிந்துகொண்டான். அவனையும் முழுசாகத் திட்ட எனக்கு மனசில்லை. போலீஸ் வந்து நின்று கேட்டால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

சப்-இன்ஸ்பெக்டர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அண்டாவைக் கொண்டுபோகலாம் என்று எழுதி ரெண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். காகிதத்தில் போட்டிருந்த விதியை மாற்றுவது தன் கையில் இல்லை என்றார். ஹபீபுன்னிசா நோட்டை விரித்து மேஜைமேல் வைத்தாள். முன் பக்கங்களில் வரிசையாக ‘இல்லை, இல்லை, இல்லை’ என்று அவள் கையெழுத்து. பேர் அழித்துவிட்டு எழுதினது என்று அவளே சொன்னாள். அக்பர் அலிக்கு மூச்சே நின்றுபோயிருக்கும். “திருடனும் அழிச்சுப்போட்டுத்தானுங்க கொண்டாருவான் சார். இந்தக்கா ஒருத்திதான் அழிக்க வேண்டாம்னு சொன்னா. அவளத்தான் நாம புடிச்சோம்” என்றாள். நாம என்று சொன்னாள், நீங்கள் என்று சொல்லவில்லை. அவர் அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். இனிமேல் அழிக்காதீர்கள் என்று மட்டும் சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

கடைக்கு வரும்போது மணி பதினொன்று. காற்று அப்படியே அடித்துக்கொண்டிருந்தது. அக்பர் அலி கைகால் கழுவிக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பினார். கிளம்பும் முன் பூவாத்தாள் முன்னால் வந்து நின்று, “மன்னிச்சுருங்கக்கா, பயந்துபோட்டேன்” என்றார். அவள் அந்தத் தூக்குப் போசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண் அப்போதுதான் நிறைந்தது. ஸ்டேஷனில் ஒரு சொட்டு விடவில்லை.

சமையல்காரருக்கு ஆள் அனுப்பலாமா என்று நான் கேட்டேன். வேண்டாம், நானே எடுத்துக்கொள்கிறேன் என்றாள் ஹபீபுன்னிசா. தெருவுக்கெல்லாம் நோன்புக் கஞ்சி காய்ச்ச ஒவ்வொரு வருஷமும் அண்டா இரவல் வாங்குகிறோம், ஒன்று வேண்டும்தானே என்றாள். சீட்டு எடுத்த பணம் வைத்திருந்தாள் போல. பூவாத்தாள் அவளையே பார்த்தாள். இரக்கப்பட்டு வாங்குகிறாளா என்று பார்த்திருப்பாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, அதுல எம் பேர ஒருக்கா வெட்டிப்போடுங்க.”

எனக்குப் புரியவில்லை. விற்கப் போகிற சாமானுக்கு எதற்கு அம்மிணி பேர் என்றேன்.

“விக்கறதுனாலதானுங்ணா. இருவது வருசமா எங்கூட்டுல இருந்தும் நேத்து அது என்னுது இல்லீன்னு ஆயிப்போச்சு. என்னுதுன்னு ஆனதுக்கப்புறம்தானுங்க நான் விக்க முடியும்.”

மிஷினைத் தொடவில்லை. உளியை எடுத்தேன். புருஷன் இனிஷியல் போடவா, அப்பா இனிஷியல் போடவா என்று வழக்கம்போலக் கேட்டேன். வெறும் பேரே போதும் என்றாள். அரங்கசாமி பேருக்குக் கீழே, அந்தத் தேதிக்கும் கீழே, புள்ளி புள்ளியாகக் குத்தினேன். அவள் குனிந்து பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். படிக்கத் தெரியும் அவளுக்கு, கொஞ்சம். ‘பூ’ வந்ததும் ‘வா’ வந்ததும் உதட்டை அசைத்தாள். கடைசி ‘ள்’ முடித்ததும் தலைப்பால் தூசைத் துடைத்துவிட்டாள். கூலி கொடுக்க முடிச்சை அவிழ்த்தாள். “நேத்தே குடுத்துட்டீங்க, அரிசிம்பருப்பு” என்றேன். அதைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது, முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

பணத்தை எடுத்துக்கொண்டு அவள் இரண்டு மணி பஸ்ஸுக்கு நடந்தாள். திங்கட்கிழமை ராமாமணி சேர்ந்துவிட்டாள் என்று கருப்புசாமியே அடுத்த வாரம் கடைப்பக்கம் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

ஹபீபுன்னிசா நோட்டில் ஸ்கேல் வைத்து ஓரத்தில் ஒரு புதுக் கட்டம் கிழித்தாள். தலைப்பில் ‘எப்படி வந்தது’ என்று எழுதினாள். அப்புறம் பூவாத்தாளின் பழைய வரியை ஒரே கோடாக அடித்துவிட்டு, கீழே புதிதாக எழுதினாள். எழுதி முடித்து நோட்டை என்னிடம் நீட்டினாள். விற்பவர் பெயர், பூவாத்தாள். சாமான்மேல் உள்ள பெயர், அரங்கசாமி, பூவாத்தாள். எப்படி வந்தது, கல்யாணத்துக்கு வந்தது. அந்த நோட்டில் ஒரு பெண்ணின் பேர் இரண்டு கட்டத்திலும் இருந்த முதல் வரி அதுதான்.